யாரைக் கேட்டு

வக்கீல் ஆபீஸில் தாள்களைக் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள், செருப்பைக் கழற்றும்போதே பார்த்துவிட்டாள். கணவர் அவளுடைய நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதில் வேறு யாரும் உட்காரக் கூடாதென்று சட்டம் ஒன்றும் இல்லைதான். ஆனால் அந்த நாற்காலியின் உயரம் அவள் முழங்கைக்குப் பார்த்து வைத்தது. முதுகுக்கு ஒரு தலையணை, காலுக்கு ஒரு பலகை என்று வருஷக்கணக்கில் உட்கார்ந்து உட்கார்ந்து அவள் கண்டுபிடித்த ஏற்பாடு. இப்போது தலையணை தரையில் கிடந்தது. பலகை சுவரோரம் போயிருந்தது. அவர் கம்ப்யூட்டருக்கு முன்னால் குனிந்துகொண்டு, கோழி தானியம் பொறுக்குவதுபோல ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக் குத்திக்கொண்டிருந்தார். குத்தி முடித்ததும் திரையில் ஒரு சிவப்பு வரி வந்தது. மறுபடி குத்தினார். மறுபடியும் அதே வரி.

"என்ன பண்றீங்க?"

"ஒண்ணும் இல்ல. நீ போய் டீ போடு."

இத்தனை வருஷம் கூட வாழ்ந்த மனுஷன் ஒன்றும் இல்லை என்றால் என்னவோ இருக்கிறது என்றுதான் அர்த்தம். பக்கத்தில் போய் நின்றாள். திரையில் அவளுக்குத் தெரிந்த எதுவுமே இல்லை. ஊதா நிறத்தில் ஏதோ ஒரு படம், நடுவில் ஒரு பெட்டி, பெட்டிக்கு மேல் அவர் பெயர், கீழே 'கடவுச்சொல் தவறு' என்று எழுதியிருந்தது. கடையில் யாரோ கைமாற்றி வேறு கம்ப்யூட்டரைக் கொடுத்துவிட்டதுபோல இருந்தது. ஆனால் பெட்டி அதேதான். மேலே டீ தம்ளர் வைத்து வைத்து விழுந்த வட்டம்கூட அப்படியே இருந்தது.

"என் கம்ப்யூட்டர் எங்க?"

"இதான் உன் கம்ப்யூட்டர்."

"இது என்னுது இல்லையே."

"இத்தனை நாள்தான் இது உன்னுது இல்ல. அவனுது. இப்பதான் நம்மளுது ஆயிருக்கு," என்றார் அவர். முகத்தில் அப்படி ஒரு பெருமை.

அந்த 'அவன்' யார் என்று அவளுக்குத் தெரியும். சில வாரங்களாகக் காலையில் வாய் கொப்பளிக்கும்போதும் சாப்பிட்டுக் கை கழுவும்போதும் அந்த வீட்டில் திட்டு வாங்கிக்கொண்டிருந்த ஆள். ஒரே ஆள் இல்லை. உலகத்தில் உள்ள கம்பெனிக்காரர்கள் எல்லோரையும் சேர்த்து உருட்டி அவர் செய்துகொண்ட ஒரு ஆள். கணவர் லிஃப்ட் மெக்கானிக். சுற்றுவட்டாரத்துக் கட்டடங்களில் லிஃப்ட் நின்றால் வாட்ச்மேன்கள் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தெருவில் அவருக்கு லிஃப்ட்காரர் என்றே பெயர். அவளுக்கு டைப்பிஸ்ட் அக்கா என்று பெயர். கொஞ்ச நாள் முன்பு ஒரு கட்டடத்தில் பழைய லிஃப்டை எடுத்துவிட்டுக் கம்பெனியே வந்து புதிது மாட்டியது. அது இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன அன்று உள்ளே ஒரு வயசான மனிதர் மாட்டிக்கொண்டார். லிஃப்ட்காரர் ஓடிப்போய் மேலே எந்திர அறையைத் திறந்தார். என்ன கோளாறு என்று பார்த்ததும் தெரிந்துவிட்டது. ஆனால் கையை வைக்க முடியவில்லை. போர்டில் இருந்த சின்னத் திரை 'அனுமதி இல்லை. நிறுவனத்தை அழைக்கவும்' என்றது. கம்பெனியின் சொந்தக் கருவியைச் செருகினால்தான் அது பேசும். கம்பெனி ஆள் வரும்வரை இவர் கதவிடுக்கில் வாயை வைத்து, உள்ளே அழுதுகொண்டிருந்த மனிதருக்குத் தைரியம் சொல்லிக்கொண்டே நின்றார். அதற்குப் பிறகு அந்தக் கட்டடத்துச் சங்கம் இவரைக் கூப்பிடுவதை நிறுத்திவிட்டது. அடுத்து பக்கத்துக் கட்டடமும் புதிது மாட்டியது.

அந்தக் கொதிப்பு ஆறுவதற்குள் வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த அறிவிப்பு வந்தது. 'உங்கள் கணினி புதிய பதிப்புக்குத் தகுதி பெறவில்லை. புதிய கணினி வாங்குவது பற்றி அறிய இங்கே அழுத்தவும்.' பழைய பதிப்புக்கு இனி பாதுகாப்பு கிடையாதாம். அவர் அதை உரக்கப் படித்தார். "யாருக்குடா தகுதி இல்ல?" என்று திரையைப் பார்த்தே கத்தினார். உண்மையைச் சொன்னால் அன்று அவளுக்கும் கோபம்தான். அந்த எந்திரம் அவளை ஒருநாளும் காக்க வைத்ததில்லை. சொன்ன வேலையைச் செய்துகொண்டிருந்தது. நன்றாக ஓடிக்கொண்டிருக்கிற ஒன்றைப் பார்த்து, நீ செத்துப்போய்விட்டாய், எழுந்து போ என்று எங்கேயோ உட்கார்ந்துகொண்டு சொல்வதற்கு இவன் யார்? "என்ன அநியாயம்ங்க இது, ஏதாவது வழி இருக்கான்னு பாக்கணும்," என்று அவளும்தான் சொன்னாள். பார்க்க வேண்டும் என்றால் பார்ப்பது. அவள் வீட்டில் இல்லாத நேரம் பார்த்துப் பிடுங்கிப் போடுவது இல்லை.

வழி மாடியில் இருந்தது. மாடி வீட்டில் குடியிருந்த நர்ஸ் தன்னுடைய பழைய லேப்டாப்பில் வேறு ஏதோ ஒன்றைப் போட்டு ஓட்டிக்கொண்டிருந்தாள். காசு கிடையாது, கம்பெனி கிடையாது, உலகம் முழுக்க யார் யாரோ சேர்ந்து எழுதிப் பொதுவில் வைத்திருப்பது, கட்டற்ற மென்பொருள் என்று அதற்குப் பெயர். லிஃப்ட்காரருக்கு அந்தக் 'கட்டற்ற' என்ற வார்த்தை போதுமானதாக இருந்தது. நர்ஸிடம் பென் டிரைவை வாங்கி வந்துவிட்டார். மனைவியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"எல்லாத்தையும் அழிச்சிட்டீங்களா?"

"அழிக்கறதா? உன் ஃபைல் அத்தனையும் முதல்லயே காப்பி பண்ணி வெச்சிட்டேன். நான் என்ன பைத்தியக்காரனா? இந்தப் பாஸ்வேர்டுதான் சதி பண்ணுது. நான்தான் போட்டேன், என்னையே உள்ள விட மாட்டேங்குது."

அவள் திரையின் மூலையைப் பார்த்தாள். அங்கே சின்னதாக 'en' என்று இருந்தது. வாழ்நாள் முழுக்க இரண்டு மொழிக்கு நடுவில் விசையைத் தட்டித் தட்டி மாறிக்கொண்டிருக்கிற கண் அது. தலையை நிமிர்த்தாமல் அடித்துக்கொண்டே போய், ஒரு பத்தி முழுக்க வேறு மொழியில் விழுந்திருப்பதை எத்தனை முறை பார்த்திருப்பாள்!

"போடும்போது மொழி என்ன கொடுத்தீங்க?"

"எல்லாத்துக்கும் தமிழ்தான். எழுத்து, விசைப்பலகை, எல்லாம். விடுதலைன்னா முழுசா விடுதலை."

"நீங்க இங்கிலீஷ்னு நெனச்சுக் குத்தினதை அது தமிழா எழுதி வெச்சிருக்கு. வெறும் புள்ளியாத் தெரியறதால உங்களுக்குப் புரியல. இப்ப இது இங்கிலீஷ்ல நிக்குது. அதான் உள்ள விடல." எட்டி அந்த மூலையைத் தட்டினாள். 'த' என்று மாறியது. "இப்பப் போடுங்க."

அவர் விரலை நீட்டினார். நீட்டியவர் நிறுத்தினார். "நீ கொஞ்சம் அந்தப் பக்கம் திரும்பிக்கோ."

"எதுக்கு?"

"பாஸ்வேர்டு போடும்போது யாரும் பாக்கக் கூடாது. அதான் முறை."

அவளும் திரும்பிக்கொண்டாள். அதுதான் பிற்பாடு நினைக்க நினைக்க அவளுக்கு எரிந்தது. மறுபேச்சு பேசாமல் திரும்பினாள். எதிரே சுவரில் எப்போதோ ஆணி பிடுங்கிய ஓட்டை ஒன்று இருந்தது. அதைப் பார்த்தபடி நின்றாள். பின்னால் டொக், டொக் என்று ஒற்றை விரல். பிறகு "ஆங், வந்திடுச்சு!" என்ற குரல். கண்டுபிடித்துச் சொன்னது யார் என்பதை அவர் அப்போதே மறந்துவிட்டார்.

ஃபைல்கள் இருந்தன. பொய் சொல்லவில்லை. அவள் தலையணையைத் தட்டி எடுத்து வைத்து, பலகையைக் காலுக்கு இழுத்துப் போட்டு, நாற்காலியைத் தன் உயரத்துக்கு ஏற்றிக்கொண்டு உட்கார்ந்தாள். பாதியில் விட்டிருந்த மனுவைத் திறந்தாள். சும்மா பார்க்கலாம் என்று 'மகே' என்று அடிக்கப்போனாள். விரல் போன இடத்தில் வேறு எழுத்துகள் விழுந்தன. அவள் தட்டச்சு வகுப்பில் 'யளனக' என்று தொடங்கிக் கற்றவள். அந்தப் பழைய தட்டச்சு முறையில் ஓடுகிற விரல்கள் அவை. அவர் பட்டியலில் முதலாவதாக இருந்த ஏதோ ஒரு தமிழை வைத்திருந்தார். சரி, அதை மாற்றிக்கொள்ளலாம். எழுத்துகளைத் தேடித் தேடி 'மகே' என்று அடித்து, இடைவெளிக் கட்டையைத் தட்டிவிட்டுக் காத்திருந்தாள்.

ஒன்றும் நடக்கவில்லை. 'மகே' என்று இரண்டெழுத்து அனாதையாக நின்றது.

அது விரிய வேண்டும். 'மனுதாரர் பணிவுடன் கேட்டுக்கொள்வது என்னவென்றால்' என்று ஒரு வரியாக விரிய வேண்டும். 'எம' என்றால் 'எதிர்மனுதாரர்'. 'இசொவி' என்றால் சொத்து விவரம் எழுதுகிற அரைப்பக்கம் முழுக்க அப்படியே இறங்கும். எந்த வக்கீலுக்கு எந்த வாசகம் பிடிக்கும், எந்த நீதிமன்றத்துக்கு எப்படித் தலைப்புப் போட வேண்டும், எந்த ஊர்ப் பெயரில் தன் விரல் எப்போதும் வழுக்கும், எல்லாவற்றுக்கும் இரண்டெழுத்து, மூன்றெழுத்து என்று அவளாகச் சேர்த்து வைத்திருந்த சுருக்கங்கள். சமைக்கும்போது தோன்றினால் கையைத் துடைத்துக்கொண்டு வந்து சேர்த்தவை. அவை எந்த ஃபைலிலும் இல்லை. பழைய மென்பொருளின் வயிற்றுக்குள் எங்கேயோ இருந்தன. அந்த வயிறே இப்போது இல்லை. ஊரில் மற்றவர்கள் ஒரு நாள் அடிப்பதை அவள் மத்தியானத்துக்குள் அடித்துக் கொடுத்தாள் என்றால் அது விரலின் வேகம் மட்டும் இல்லை, அந்தச் சுருக்கங்களின் வேகம்.

"என்ன, சரியா இருக்கா?" என்றார் அவர், சமையலறையிலிருந்து. டீயை அவரே போட்டுக்கொண்டிருந்தார். அவ்வளவு சந்தோஷம்.

"என் சுருக்கமெல்லாம் எங்க?"

"என்ன சுருக்கம்?"

அவள் சொன்னாள். அவர் தம்ளரை ஆற்றிக்கொண்டே கேட்டார். கேட்டுவிட்டு, "அட, அவ்ளோதானா? நான் என்னவோ ஏதோன்னு பயந்துட்டேன். மறுபடி போட்டுக்கலாம் விடு," என்றார்.

அவளுக்கு உச்சந்தலை வரைக்கும் ஏறியது. "யாரைக் கேட்டுச் செஞ்சீங்க?"

"நல்லதுக்குத்தானே செஞ்சேன்."

"நல்லதோ கெட்டதோ, யாரைக் கேட்டு? தினமும் அதுல உக்கார்றது நானு. உங்க ஸ்பேனர் பெட்டியை ஒருநாள் எடுத்துக் கொட்டிட்டு, புதுப் பெட்டி தர்றேன், ஓசிதான், ரொம்ப நல்லதுன்னு நான் சொன்னா சும்மா இருப்பீங்களா?"

"ஸ்பேனரும் இதுவும் ஒண்ணா?" என்றார் அவர். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். அதுதான் இன்னும் மோசம். கையில் தூக்கினால் கனக்கிற பொருள்தான் அவருக்குக் கருவி. அவள் கருவி கண்ணுக்குத் தெரியாது, ஆகவே அது இல்லை. கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைப்பது என்று கேள்விப்பட்டிருக்கிறாள். தன் வீட்டிலேயே, தன் தேங்காயிலேயே நடக்கும் என்று நினைத்ததில்லை. கம்பெனிக்காரன் மேல் இவருக்கு இருந்த கோபத்துக்கு உடைபட்டது அவளுடைய தேங்காய்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் இன்னும் கேவலமாக இருந்தன. தட்டச்சு விசைப்பலகையைச் சேர்க்கப் போனால் கம்ப்யூட்டர் 'நிர்வாகியின் கடவுச்சொல்' என்று கேட்டது. நிர்வாகி யார்? அவர். அவளுக்கு 'விருந்தினர்' என்று ஒரு பெயர் கொடுத்திருந்தார். வீட்டில் சமைப்பவள் அவள், அந்த மேஜையில் சம்பாதிப்பவள் அவள், விருந்தினரும் அவளேதான். விசைப்பலகைக்கு அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. எழுத்துரு ஒன்றைப் போட அவரைக் கூப்பிட வேண்டியிருந்தது. விருந்தினர் சேர்த்த சுருக்கங்களை அது அணைத்ததும் மறந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, ஏதோ கட்டடமே அந்தரத்தில் தொங்குவதுபோல வருவார். மூலையில் 'த' இருக்கிறதா என்று பார்ப்பார். "திரும்பிக்கோ" என்பார். அவள் ஆணி ஓட்டையைப் பார்ப்பாள். டொக், டொக். அவர் குளிக்கும்போது வேண்டியிருந்தால் குளித்து முடிக்கும்வரை காத்திருப்பாள். வெளியே போயிருந்தால் வரும்வரை காத்திருப்பாள்.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அந்தப் புதிய சரக்கு நன்றாக இருந்தது. போட்ட உடனே எழுந்து நின்றது. வேலைக்கு நடுவில் வந்து அதை வாங்கு, இதை வாங்கு என்று நச்சரிக்கவில்லை. தகுதி இருக்கிறதா என்று யாரையும் கேட்கவில்லை. குறைந்தபட்சம் அது மோசமாக இருந்திருந்தால் மூஞ்சியில் அடித்ததுபோலச் சொல்லியிருக்கலாம். சரியான காரியத்தைத் தப்பான வழியில் செய்துவிட்டால், செய்தவரைத் திட்டவும் முடிவதில்லை, பாராட்டவும் முடிவதில்லை. தொண்டையில் மீன் முள் மாட்டியதுபோல அது அங்கேயே நின்றது.

வக்கீல் குமாஸ்தா இரண்டு முறை வந்து தாள் தயாராகவில்லை என்று திரும்பிப்போனார். மூன்றாவது முறை வந்தபோது உட்காராமல் வாசலிலேயே நின்றார். நல்ல மனிதர்தான். "என்னக்கா, கையில ஏதாவது வலியா? நீங்க இப்படி இழுக்கற ஆள் இல்லையே," என்றார். பிறகு எங்கேயோ பார்த்துக்கொண்டு, "ஐயா பக்கத்துத் தெருவுல ஒரு டைப்பிங் கடையைப் பத்திச் சொல்லிட்டு இருந்தாரு. நான்தான் பொறுங்கன்னு சொல்லி வெச்சிருக்கேன்," என்றார். அந்த ஆபீஸ் வேலை போனால் மற்றதெல்லாம் சில்லறை. அவள் இரண்டெழுத்து அடித்துவிட்டு வரி விரியும் என்று காத்திருந்து ஏமாந்த ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேலை அந்தக் கடைக்காரனிடம் போய்ச் சேர்ந்துகொண்டிருந்தது.

"சாயங்காலத்துக்குள்ள வந்து வாங்கிக்கோங்க," என்று சொல்லி அனுப்பினாள். அடித்தும் முடித்தாள், ஒவ்வொரு எழுத்தாக. 'மனுதாரர் பணிவுடன் கேட்டுக்கொள்வது' என்பதை ஒரு பக்கத்தில் எத்தனை முறை எழுதுவார்கள் என்பது அன்றுதான் அவளுக்கு உறைத்தது. முடித்து அச்சுக்குக் கொடுத்தாள். 'அச்சுப்பொறியைச் சேர்க்க நிர்வாகியின் கடவுச்சொல் தேவை' என்றது.

அவர் வாசலில் நின்று யாருடனோ பேசிக்கொண்டிருந்தார். கூப்பிட்டாள். வந்தார். "திரும்பிக்கோ," என்றார்.

அவள் திரும்பவில்லை. "பாஸ்வேர்டைச் சொல்லுங்க."

"எதுக்கு?"

"எனக்குத் தெரியணும்."

"தெரிஞ்சு என்ன பண்ணப்போற? தப்பா எதையாவது தட்டிட்டா மொத்தமும் போயிடும். இதெல்லாம் ஒரு ஆள் கையில இருக்கறதுதான் பாதுகாப்பு. நான்தான் வீட்டுலயே இருக்கேனே. வேணும்னா கூப்பிடு."

அவள் அவரையே பார்த்தாள். இந்த வாக்கியத்தை எங்கே கேட்டிருக்கிறோம் என்று தேட வேண்டியிருக்கவில்லை. அவரே எத்தனையோ முறை பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லிக்காட்டிய வாக்கியம்.

"அந்த லிஃப்ட் கம்பெனிக்காரனும் இதைத்தானே சொன்னான்? தெரியாத ஆள் கை வெச்சா ஆபத்து, பாதுகாப்புக்குத்தான் பூட்டி வெச்சிருக்கோம், வேணும்னா கூப்பிடுங்கன்னு. இதே வார்த்தை. ஒரு எழுத்து மாறல."

அவர் "அது வேற..." என்று ஆரம்பித்தார். குனிந்து, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, பாஸ்வேர்டைக் குத்தினார். கோபத்தில் தப்பாகக் குத்தினார். மறுபடி குத்தினார். அச்சுப்பொறி இரைந்துகொண்டு கிளம்பியது. செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். மாமியார் உடைத்தால் மண்குடம், மருமகள் உடைத்தால் பொன்குடம் என்பார்கள். இங்கே கம்பெனி பூட்டினால் அக்கிரமம், இவர் பூட்டினால் பாதுகாப்பு. அவர் எந்த எழுத்துகளைக் குத்தினார் என்பதை அவள் பார்த்திருந்தாள். அவள் கண்ணுக்கு அது ஒரு பெரிய காரியமா? ஆனால் அதை வைத்துக்கொண்டு திருட்டுத்தனமாக நுழைகிற எண்ணம் அவளுக்கு இல்லை. தன் வீட்டுக்குள் தான் ஏன் திருட்டுச் சாவி போட வேண்டும்?

மறுநாள் காலை அவர் ஒரு பழைய கட்டடத்து லிஃப்டுக்கு எண்ணெய் போடப் போனதும் மாடிக்குப் போனாள். நர்ஸ் ட்யூட்டி முடிந்து வந்து கொண்டையைக்கூட அவிழ்க்காமல் உட்கார்ந்திருந்தாள்.

"ஏம்மா, அந்தப் பென் டிரைவ் இருக்கா?"

"இருக்கு அக்கா. ஏன், அண்ணன் போட்டது சரியா வரலையா?"

"அண்ணன் போட்டது அண்ணனுக்குச் சரியா வந்திருக்கு."

நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். "நிர்வாகி யாரு, அவரா?"

"நான் விருந்தாளி."

"அதானே பார்த்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான்னு சும்மாவா சொன்னாங்க?" நர்ஸ் எழுந்து பென் டிரைவை எடுத்து வந்தாள். "அக்கா, இதுல ஒரு நல்ல விஷயம் என்னன்னா, இதுக்கு யாரும் முதலாளி கிடையாது. எத்தனை தடவை வேணாலும், யாரு வேணாலும் போடலாம். ஆனா அவசரப்படாதீங்க. முதல்ல உங்களுது, அவருது, எல்லாத்தையும் எடுத்து வெச்சுக்கலாம். நான் வர்றேன், வாங்க."

"உனக்குத் தூக்கம் வரலையா?"

"வருது. இதைப் பார்த்துட்டுத் தூங்கறேன்."

இருவரும் கீழே வந்தார்கள். நர்ஸ் தரையில் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லச் சொல்ல, டைப்பிஸ்ட் தன் நாற்காலியில், தன் உயரத்தில், தன் தலையணையில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் செய்தாள். எல்லாவற்றையும் எடுத்து வைத்தாள். அவர் இறக்கி வைத்திருந்த லிஃப்ட் படங்களைக்கூட ஒன்று விடாமல் எடுத்து வைத்தாள். அவர் அவளுக்குச் செய்ததை அவருக்குத் திருப்பிச் செய்ய அவளுக்கு ஆசை இல்லாமல் இல்லை. அதை விழுங்கிக்கொண்டாள். பிறகு அந்த ஊதா நிறம் வந்தது. மொழி கேட்டது. விசைப்பலகை கேட்டது. பட்டியலில் இறங்கிக்கொண்டே போய்த் தட்டச்சு என்பதைப் பிடித்து வைத்தாள். இந்தக் கணினியை யார் பயன்படுத்துகிறார்கள் என்று கேட்டது. தன் பெயரை அடித்தாள்.

கடவுச்சொல் கேட்டது.

அவள் மூலையைத் தட்டி 'en' என்று மாற்றினாள். நர்ஸ் கண்ணைத் திறந்தாள். "அக்கா, இங்கிலீஷ்லயா போடப்போறீங்க?"

"இல்ல, தமிழ்லதான்."

"அது இங்கிலீஷ்ல நிக்குதே?"

"நிக்கட்டும்."

கண்ணை மூடிக்கொண்டாள். 'யளனக' கற்ற விரல்கள் தாமாக ஓடின. இந்த வாரம் முழுக்க அவள் வாயில் கிடந்த அந்த ஒரே வார்த்தையைத் தமிழில்தான் அடித்தாள்: யாரைக்கேட்டு. கம்ப்யூட்டர் அதை ஆங்கில எழுத்தும் புள்ளியும் கோடுமாக, தலையும் காலும் இல்லாமல் எழுதி வைத்துக்கொண்டது. அன்று அவர் தெரியாமல் செய்த தப்பை அவள் தெரிந்தே செய்தாள். அந்த விரல்கள் உள்ளவர்களைத் தவிர யாருக்கும் அது வார்த்தையாகத் தெரியாது. 'மறுமுறை உறுதிப்படுத்தவும்' என்றது திரை. மறுமுறையும் அதே ஓட்டம். உறுதியானது. திரும்பிப் பார்த்தாள். நர்ஸ் சுவரில் சாய்ந்தபடியே தூங்கிப்போயிருந்தாள்.

அவருக்கும் ஒரு கணக்குத் திறந்து வைத்தாள். 'விருந்தினர்' என்று போடக் கை பரபரத்தது. போடவில்லை. அவர் பெயரையே போட்டாள். ஆனால் நிர்வாகி அவள்தான். அதை மட்டும் எதற்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை. பிறகு எழுதுகிற மென்பொருளைத் திறந்து, 'மகே' என்று போட்டு, அதற்கு நேராக முழு வரியையும் அடித்துச் சேர்த்தாள். ஒன்று ஆயிற்று. அது போக எவ்வளவு இருக்கிறது என்று நினைக்கப் பயமாக இருந்தது.

அவர் வந்தபோது அவள் அடுப்படியில் இருந்தாள். கூடத்தில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு டொக், டொக். பிறகு மறுபடி ஒன்றும் இல்லை. அவள் கேஸைக் குறைத்து வைத்துவிட்டுக் காத்திருந்தாள். பயமில்லை. இன்றைக்குக் கத்தினால் தானும் கத்துவது என்று அவள் முடிவு செய்து வைத்திருந்தாள்.

அவர் கத்தவில்லை. சமையலறை வாசலில் வந்து நின்றார். கையில் மடித்த தாள் ஒன்று இருந்தது. சட்டையில் எண்ணெய்க் கறை.

"மாத்திட்டியா?"

"மாத்திட்டேன்."

"என்னைக் கேக்..." என்றவர் அந்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டார். தன் வாயிலிருந்து என்ன வர இருந்தது என்று அவருக்கே கேட்டுவிட்டது. நிலைக்கதவின் மரத்தை நகத்தால் சுரண்டினார். "இன்னைக்குப் போன இடத்துலயும் மாத்தப்போறாங்களாம். அந்தப் பழைய லிஃப்டையும். அதான் நாலு கட்டடத்துச் சங்கத்துக்கும் ஒரு மனு எழுதலாம்னு... வர்ற வழியில உக்காந்து எழுதினேன். நீ அடிச்சா நல்லா இருக்கும்." தாளை நீட்டவில்லை. கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "பாஸ்வேர்டு என்ன?"

"அதைத்தான் இத்தனை நாளா சொல்லிட்டு இருந்தேன்."

அவருக்குப் புரியவில்லை. அவள் விளக்கவும் இல்லை. அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு கூடத்துக்கு வந்தாள். தலையணை மறுபடி தரையில் கிடந்தது. அவள் குனிவதற்குள் அவரே எடுத்து நாற்காலியில் வைத்தார், தலைகீழாக. அவள் அதை நேராக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். பலகையில் காலை வைத்தாள். திரையில் பெட்டி காத்திருந்தது.

"திரும்பிக்கோங்க," என்றாள்.

ஒரு கணம் அவர் விளையாட்டு என்று நினைத்திருப்பார். அவள் முகத்தைப் பார்த்தார். திரும்பிக்கொண்டார். ஆணி பிடுங்கிய ஓட்டை சரியாக அவர் மூக்குக்கு நேராக இருந்தது. பின்னால் பத்து விரல்களும் சேர்ந்து ஓடின. ஒற்றைச் சத்தமாகப் பிரித்துக் கேட்க முடியாத ஓட்டம். புள்ளிகள் நிறைந்தன. திரை திறந்தது.

"சொல்லுங்க," என்றாள்.

அவர் தாளைப் பிரித்தார். சுவரைப் பார்த்தபடியே படிக்க ஆரம்பித்தார். "ஐயா, காசு கொடுத்து ஒரு பொருளை வாங்கினவங்க கிட்டதான் அதோட சாவி இருக்கணும். அதைப் புழங்கறவங்களைக் கேக்காம வேற யாரோ பூட்டறது எந்த ஊர் நியாயம்..." அந்த இடத்தில் குரல் இறங்கியது. மறுபடி அதே வரியைப் படித்தார், இந்த முறை மெதுவாக.

அவள் 'மகே' என்று அடித்து இடைவெளிக் கட்டையைத் தட்டினாள். வரி விரிந்தது. அவர் முதுகு அவளுக்கு நேராக இருந்தது. எண்ணெய்க் கறை படிந்த சட்டை, மடித்த காலர், கையில் விரித்த தாள். இனி திரும்பலாம் என்று அவள் சொல்லவில்லை. அவர் சுவருக்கே மனுவைப் படித்துக்கொண்டிருந்தார்.